வாசலுக்கு வந்தவர் யார்?

நமது எழுத்தாளர்கள் அழவைப்பதில் வல்லவர்கள். இதில் நமக்குச் சந்தேகமில்லை. தோட்டத்துத் தமிழனைப் பற்றிக் கதை எழுதப் புகுந்த ஒருவர், முதல் அத்தியாயத்தில் கப்பலையும், இரண்டாம் அத்தியாயத்தில் கங்காணியையும், மூன்றாம் அத்தியாயத்தில் கள்ளுக்கடையையும் காட்டி, முடிவில் ஒரு பிணத்தின் முன் நம்மைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டால், தம் கடமை தீர்ந்ததென்று எண்ணுகிறார். படிக்கும் நாமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஆகா, எத்தகைய உருக்கம்!" என்று வியந்து புத்தகத்தை மூடி வைக்கிறோம். அந்தப் பிணம் விழுவதற்கு முந்திய பத்து நாட்களில் அந்த வீட்டு வாசலுக்கு வந்தவர் யார், வரக்கூடியவராயிருந்தும் வராதவர் யார், வந்தவர் கையில் என்ன கொண்டுவந்தார் என்று கேட்பவர் நம்முள் எத்தனை பேர்?

இக்கட்டுரையில் நாம் எழுப்ப விரும்புவது அந்த ஒரு கேள்வியைத்தான். உழைப்பவன் அடிபட்டுப் படுக்கும்போதும், கடன் கழுத்தை நெரிக்கும்போதும், குடி வீட்டைச் சூறையாடும்போதும், மனம் கலங்கி ஒருவர் தனியே முடங்கும்போதும், அந்தக் குடும்பத்தைத் தாங்கிப் பிடிப்பதற்குச் சுற்றியுள்ள சமூகம் என்ன ஏற்பாடு வைத்திருக்கிறது? அந்த ஏற்பாட்டை நமது இலக்கியம் எவ்வாறு காட்டியிருக்கிறது? காட்டாமல் விட்டிருந்தால் அதனால் நமக்கு விளைந்த நஷ்டம் யாது? இலக்கியப் பகுதியில் இதற்கென்ன வேலை என்று சிலர் கேட்கலாம். கதை ரசிப்பதற்கு மட்டுமே என்று முடிவு செய்துவிட்டவர்களோடு நமக்கு வழக்கில்லை. கதையிலிருந்து மனிதன் எதையேனும் கற்றுக்கொள்கிறான் என்று நம்புவோருக்கே இதனை எழுதுகிறோம்.

இக்கேள்வி நமக்குப் புத்தகத்திலிருந்து எழவில்லை. நாம் செர்டாங்கை அடுத்த ஒரு தோட்டத்தில் கிராணி உத்தியோகம் பார்ப்பவர்கள். ஆங்கிலத்தில் கல்வி கற்று, பகலில் ஆங்கிலத்தில் கணக்கெழுதி, இரவில் தமிழ்க் கதை படிக்கும் வர்க்கத்தைச் சேர்ந்தவர்கள். நமது கையால் நாள்தோறும் எழுதப்படும் நூல் ஒன்று உண்டு. அதற்குச் செக்ரோல் என்று பெயர். இப்போது அது கணினிக்குள் ஏறிவிட்டது; ஆயினும் பெயரும் தன்மையும் மாறவில்லை. காலைப் பெரட்டில் மண்டோர் பெயர் கூப்பிடுவார். வந்தவனுக்கு ஒரு குறி, வராதவனுக்கு ஒரு குறி. ஒரு தோட்டத்தில் எந்தக் குடும்பம் எந்த நாளில் சரியத் தொடங்கிற்று என்பதை அறிய விரும்புகிறவன் வேறெந்த நூலையும் புரட்ட வேண்டியதில்லை. வாரா வாரம் வேலைக்கு வந்துகொண்டிருந்த ஒருவனுடைய வரிசையில் திடீரென்று ஆறு வெற்றிடங்கள் சேர்ந்தாற்போல் விழுந்தால், அங்கே ஒரு கதை ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அத்தகைய வரிசை ஒன்றை நாம் எழுதினோம். குலை வெட்டும் தொழிலாளி ஒருவர்; செம்பனை மட்டை சரிந்து காலில் விழுந்துவிட்டது. "காலில் அடி" என்று மண்டோர் சொன்னார். நாம் வரவில்லை என்று குறித்துக்கொண்டோம். ஏழாம் நாள் அவருடைய மனைவி காரியாலயத்துக்கு வந்து முன்பணம் கேட்டார். முன்பணம் கொடுக்கும் தேதி கடந்துவிட்டது என்று நாம் கூறினோம். அது உண்மை, விதியும் அதுதான். அந்த அம்மாள் ஒரு சொல்லும் பேசாமல் திரும்பிப் போனார். நாமும் அடுத்த காகிதத்தைப் பார்க்கத் தொடங்கினோம்.

ஒரு மாதம் கழித்து, அவர்களுக்கு அடுத்த வீட்டில் இருக்கும் மூதாட்டி ஒருவர், நாற்பது வருஷம் பால்வெட்டி ஓய்ந்தவர், தமது சொந்தக் காரியமாக ஒரு கடிதம் எழுதிக்கொள்ள நம்மிடம் வந்தார். கடிதத்தை வாங்கி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, போகிற போக்கில் சொன்னார்: "கிராணி ஐயா, அந்த மூணு பிள்ளைங்களும் இருபது நாளா நம்ம வீட்லதான் சோறு திங்குது. அதுக்கும் உங்க புஸ்தகத்துல ஒரு கோடு போடுவீங்களா?"

நாம் வாயடைத்து நின்றோம். காரணத்தை வாசகர்களிடம் மறைக்கப் போவதில்லை. வேலையில் ஏற்பட்ட விபத்தை 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டியது முதலாளி தரப்பின் கடமை. 1969ஆம் வருஷத்துச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட ஸ்தாபனம் அது. மருத்துவர் குறைந்தது நான்கு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்திருந்தால், அத்தொழிலாளிக்குத் தினக்கூலி விகிதத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு கிடைக்க வழியுண்டு. அதற்குரிய பாரத்தை நிரப்புகிறவன் கிராணி. அந்தப் பாரம் நமது மேசை இழுப்பறையில்தான் கிடந்தது. நாம் கேட்கவில்லை, அவர்களுக்குக் கேட்கத் தெரியவில்லை. பிறகு எழுதி அனுப்பினோம், பணமும் வந்தது. ஆனால் அதற்குள் அந்த அம்மாளின் தாலிக்கொடி அடகுக் கடைக்குப் போய், வட்டியும் ஏறிவிட்டது.

இப்போது இதனையே நமது கதாசிரியர் ஒருவரிடம் கொடுத்தால் என்ன செய்வார் என்று எண்ணிப் பார்ப்போம். இரக்கமற்ற மானேஜர் ஒருவரைச் சிருஷ்டிப்பார். அவர் சுருட்டுப் பிடிப்பார். தொழிலாளி கால் அழுகி இறப்பார். மனைவி தலைவிரி கோலமாக அழுவாள். ஆனால் உண்மையில் நிகழ்ந்ததில் சுருட்டுப் பிடித்த மானேஜர் எவரும் இல்லை. ஒரு இழுப்பறையும், அதற்குள் ஒரு பாரமும், எதிரே ஒரு படித்த மனிதனும்தான் இருந்தனர். இன்னொரு பக்கம், கடித உறையில் தம் பெயரையும் எழுதத் தெரியாத ஒரு கிழவி மூன்று தட்டுகளை அதிகமாகக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். நமது இலக்கியம் இந்த இருவரையும் காணவில்லை என்பதே நமது குற்றச்சாட்டு. உதவ முடிந்தும் உதவாதவனுடைய வெட்கத்தை அது எழுதவில்லை. ஓசையின்றி உதவியவருடைய உழைப்பையும் அது எழுதவில்லை. இரண்டுக்கும் நடுவிலுள்ள அழுகையை மட்டும் எழுதிற்று.

புதுமைப்பித்தன் 1935இல் எழுதிய 'துன்பக் கேணி'யை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போன மருதியின் கதை அது. கடல் கடந்த தமிழரின் நிலையைப் பொய்ப் பசப்பு இன்றி எழுதிய முன்வரிசைக் கதைகளுள் ஒன்று. அதன் தலைப்பே ஒரு தீர்ப்பு. கேணிக்குள் விழுந்தவருக்கு மேலே வரப் படியில்லை. அது எழுதப்பட்ட காலத்தில் அத்தீர்ப்பு நியாயமானதே. பொய்யான படிகளை வரைந்து காட்டாமல் விட்டது அவருடைய நேர்மை. ஆனால் பின்வந்தவர்கள் அந்த நேர்மையை விட்டுவிட்டுக் கேணியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். தோட்டம் என்றால் கேணி, கேணி என்றால் சாவு என்பது ஒரு வாய்ப்பாடாகிவிட்டது. வாய்ப்பாடு வந்த இடத்தில் விசாரணை நின்றுவிடும்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து நம்மைப் பார்த்து எழுதிய அகிலனின் 'பால்மரக் காட்டினிலே' பரிவு மிக்க நூல். விருந்தாளியின் பரிவு அது. விருந்தாளி வீட்டின் துயரத்தைக் காண்பார். அடுக்களையில் அரிசி எந்த வீட்டிலிருந்து கடனாக வந்தது என்பதைக் காண மாட்டார். அது அவர் குற்றமன்று. நாட்டுக்குள்ளேயே இருக்கும் நாம் காணாதிருப்பதுதான் குற்றம்.

நம் நாட்டு எழுத்தாளர்களிடம் வருவோம். ஜப்பானியர் காலத்தில், 1942 முதல் 1943 வரை, சயாமையும் பர்மாவையும் இணைக்கும் நானூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட ரயில் பாதை போடுவதற்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர் கொண்டுபோகப்பட்டனர். திரும்பாதோர் பலர். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' ஆகிய நாவல்கள் அக்கொடுமையை மறதியிலிருந்து மீட்டன. அவ்விருவருக்கும் நமது சமூகம் கடன்பட்டிருக்கிறது. ஆனால் போனவர்களின் கதை நமக்குக் கிடைத்த அளவுக்கு, போனவர்களின் வீட்டில் எஞ்சியவர்களின் கதை கிடைக்கவில்லை. ஆண் துணையற்ற லயங்களில் மரவள்ளிக் கிழங்கைத் தின்று உயிர் தாங்கிய பெண்களும் குழந்தைகளும், யாரை யார் தாங்கியதால் பிழைத்தார்கள்? பிணத்துக்குச் சாட்சி இருக்கிறது. பிழைப்புக்குச் சாட்சி இல்லை.

இந்த இடத்தில் கெடாக்காரர்களாகிய நாம் பெருமைப்பட்டுக்கொள்ளத்தக்க ஒரு நூலைப் பற்றிக் கூற வேண்டும். கே. எஸ். மணியம் 1942இல் பீடோங்கில் பிறந்தவர்; 2020இல் மறைந்தார். ஆங்கிலத்தில் எழுதினார் என்ற காரணத்தால் நம்மவருள் பலர் அவரைத் தங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. 1981இல் வெளிவந்த அவருடைய 'தி ரிட்டர்ன்' என்னும் நாவலில், பெரியதாய் என்ற பாட்டி இந்தியாவிலிருந்து பிள்ளைகளோடு வந்து, இந்த மண்ணில் வீடு கட்டி வேரூன்ற முயல்கிறாள். நிலம் அவளுக்குச் சொந்தமாகவில்லை. அவள் மகன் நைனா சலவைத் தொழில் செய்பவர். பேரன் ரவி ஆங்கிலப் பள்ளியில் படித்து, இங்கிலாந்து சென்று ஆசிரியப் பயிற்சி பெற்றுத் திரும்புகிறான். திரும்பி வந்த மகனின் கண்ணெதிரிலேயே, நிலம் என்ற ஒரே நினைவில் தந்தை மனம் கலங்கி, தாம் எழுப்பிய வீட்டோடு அழிந்து போகிறார்.

கதையைச் சொல்பவன் ரவி. நாவலின் பலமெல்லாம் இதில்தான் இருக்கிறது. மற்றக் கதைகளில் ஆசிரியர் நம்மைத் துன்பப்படுவோன் பக்கத்தில் உட்கார வைக்கிறார். நாமும் அவனோடு சேர்ந்து அழுது, நல்லவர்களாகிவிட்ட திருப்தியோடு எழுந்து போகிறோம். மணியம் நம்மை மகன் பக்கத்தில் உட்கார வைக்கிறார். ரவி கொடியவன் அல்லன். படித்தவன், சம்பளம் வாங்குபவன், காகிதம் எழுதத் தெரிந்தவன். பள்ளிக்கூடம் அவனுக்கு ஒரு மொழியைக் கொடுத்துத் தந்தையின் மொழியிலிருந்து அவனைப் பெயர்த்துவிட்டது. ஒரே கூரையின் கீழ் இருந்தும் அவனால் தந்தையைச் சென்றடைய முடியவில்லை. வாசலுக்கு வந்தவர் யார் என்று இந்நூலைக் கேட்டால், வந்திருக்க வேண்டியவனே வாய் திறந்து பதில் சொல்கிறான். இதனைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு தூங்கப் போக முடியாது. இழுப்பறையில் பாரத்தை வைத்திருந்த கிராணிக்கு அந்த வாக்குமூலம் தன்னுடையது போலவே கேட்கிறது.

அந்நூலின் குறையையும் மறைக்கலாகாது. அதில் வரும் துன்பம் தனித் துன்பம். நைனாவின் வீட்டைச் சுற்றிக் கெடா முழுவதும் நம்மவர் கூடிச் செய்த காரியங்களின் ஓசை அதில் கேட்பதில்லை. ஆனால் அத்தகைய காரியங்கள் நடக்காமல் இல்லை.

யுத்தம் முடிந்த கையோடு, மணியம் பிறந்த அதே பீடோங்கின் பக்கத்தில், ஹார்வர்டு தோட்டத்தில் ஏ. எம். சாமி என்பவர் தொண்டர் படை என்ற ஒன்றைத் திரட்டினார். தோட்டத்து இளைஞர்கள் சீருடை அணிந்து, அணிவகுத்து, கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தார்கள். 1947 பிப்ரவரியில் பீடோங்கில் நடந்த மறியலில் போலீசாரோடு மோதல் ஏற்பட்டு, தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். அதன் பின் கெடாவின் வேறு தோட்டங்களிலும் மோதல்களும் கைதுகளும் தொடர்ந்தன. சரித்திரக்காரர் போலீசையும் கைதையும் எழுதினர். கடைக்குப் போகாமல் வீட்டுக்கு வந்த சம்பளம் எந்த அடுப்பில் எரிந்தது, எத்தனை பெண்கள் அன்றிரவு அடி வாங்காமல் தூங்கினார்கள் என்பது சரித்திரக்காரரின் வேலையன்று, கதாசிரியரின் வேலை. அதில் கேட்க வேண்டிய கடினமான கேள்விகளும் உண்டு. குடிப்பவனைத் திருத்துவதற்குக் கட்டுப்பாடு எவ்வளவு தூரம் போகலாம்? அவமானப்படுத்தித் திருத்தப்பட்டவன் திருந்தியவனா? அரசியல் கட்டுரை பதில் சொல்ல முடியாத இக்கேள்விகளுக்கு ஒரு நல்ல நாவல் பதில் தேடியிருக்கும்.

இன்னொன்று. பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக வெட்டி விற்கத் தொடங்கிய காலத்தில், வேலையோடு வீட்டையும் இழந்த குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் முன்னின்று தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர்கள் பத்துப் பத்து வெள்ளியாகச் சேர்த்துப் பங்கு வாங்கினார்கள். அச்சங்கம் முதன்முதலில் வாங்கிய தோட்டம் நமது கெடாவிலுள்ள புக்கிட் சிடிம். பால்வெட்டுகிறவன் தோட்டத்துக்குப் பங்காளியாவது சாமானிய விஷயமன்று. அந்தப் பத்து வெள்ளியை எந்தச் செலவிலிருந்து ஒதுக்குவது என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு வாக்குவாதம் நடந்திருக்கும். கணவன் வேண்டாமென்றிருப்பான், மனைவி கொடு என்றிருப்பாள், அல்லது மறுதலையாக நடந்திருக்கும். அந்த வாக்குவாதத்தை அதற்குரிய முழுமையோடு எழுதிய கதை ஒன்றையேனும் நாம் படிக்கும் பாக்கியம் பெறவில்லை. நம்மவர் கதைகளில் பணம் எப்போதும் தொலைகிறது, திருடப்படுகிறது, குடிக்கப்படுகிறது. கூடிச் சேர்க்கப்படும் பணத்தைக் காண்பதே அரிது.

சமீப காலத்துக்கு வருவோம். நோய்த் தொற்றுக் காலத்தில், 2021 ஜூன் மாதக் கடைசியில், இந்நாட்டில் ஒரு வழக்கம் தோன்றிற்று. உணவில்லாத வீட்டார் வாசலில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டினார்கள். அதைக் கண்ட அக்கம்பக்கத்தார், இன்ன இனம், இன்ன மதம் என்று பாராமல், அரிசியும் முட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்கள். கெடா மந்திரி பெசார் அதனை அரசியல் பிரசாரம் என்று குறை கூறினார். அவருடைய கட்சியும் எதிர்க்கட்சியும் அதுபற்றிச் சொல்லிக்கொண்டவை ஒரு புறம் இருக்கட்டும். இலக்கிய விமர்சகன் கவனிக்க வேண்டியது அந்தத் துணியை.

திருவள்ளுவர் இரவு என்று ஓர் அதிகாரமும், அதனை அடுத்தே இரவச்சம் என்று ஓர் அதிகாரமும் வைத்தார். கேட்பதும், கேட்க அஞ்சுவதும் ஒன்றன் பின் ஒன்றாக ஒரே மனிதனிடத்தில் இருப்பவை என்பதை அவர் அறிவார். நமது காரியாலயத்துக்கு வந்த அம்மாள் முன்பணம் கேட்டார். இல்லை என்றதும் இரண்டாம் முறை வாய் திறக்கவில்லை. அதுதான் இரவச்சம். வெள்ளைத் துணி அந்த அச்சத்தை ஒருவாறு வென்றது. யாரிடம் கேட்பது, எந்த மொழியில் கேட்பது, எந்தப் பாரத்தில் கேட்பது என்ற மூன்று தடைகளையும் அது அகற்றிவிட்டது. கேட்பவர் ஒருவரையும் நோக்கிக் கேட்கவில்லை. ஆகவே கண்டவர் ஒவ்வொருவரும் தம்மைக் கேட்டதாகவே கொள்ள வேண்டியதாயிற்று. சொல் ஒன்றும் இல்லாமல் இத்தனையையும் சொல்லிவிட்ட அத்துணி, நமது கவிஞர்கள் அந்த இரண்டு வருஷங்களில் எழுதிக் குவித்த கொரோனாப் பாட்டுகளுள் பெரும்பாலானவற்றைவிடச் சிறந்த கவிதை என்பது நமது அபிப்பிராயம்.

இதற்கு நேர் மாறான இலக்கியமும் ஒன்று நம்மிடம் வளர்ந்து வருகிறது. அரிசி மூட்டையை நடுவில் வைத்து, ஒரு பக்கம் கொடுப்பவர்கள் எட்டுப் பேர் மாலையோடும், மறுபக்கம் வாங்குபவர் ஒருவர் தலை குனிந்தும் நிற்கும் நிழற்படம். அது வீடு வீடாகக் கைப்பேசியில் பரவுகிறது. கொடுத்ததை நாம் குறை கூறவில்லை, அரிசி அரிசிதான். ஆனால் அந்தப் படத்தில் கொடுத்தவரின் முகம் இருக்கிறது, வாங்கியவரின் காரணம் இல்லை. ஏன் அந்த வீட்டில் அரிசி இல்லாமற் போயிற்று என்று எவரும் கேட்கவில்லை. அடுத்த மாதம் அரிசிக்கு என்ன செய்வார் என்றும் கேட்கவில்லை. அழுகையோடு முடியும் கதையும், அரிசி மூட்டையோடு முடியும் படமும் ஒரே குறையை உடையவை. இரண்டும் பார்ப்பவனைத் திருப்திப்படுத்தி அனுப்பிவிடுகின்றன.

நமது கதைகள் வாசல்களை அறியவில்லை என்று கூறினோம். அதற்கு ஓர் உதாரணம் போதும். கணவனிடம் அடிபடும் பெண்ணுக்கு நமது கதாசிரியர்கள் இன்றும் இரண்டு வழிகளையே திறந்து வைக்கிறார்கள்: தாய் வீடு, அல்லது சாவு. பினாங்கில் பெண்களுக்கான உதவி நிலையம் ஒன்று 1985இலேயே தோன்றிவிட்டது. 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறிற்று. அதே வருஷம் கோலாலம்பூர் பெரிய மருத்துவமனையில், அடிபட்டு வரும் பெண்ணுக்கு வைத்தியமும் போலீஸ் புகாரும் ஆலோசனையும் ஓரிடத்திலேயே கிடைக்கும் ஏற்பாடு தொடங்கி, பின்னர் மற்ற அரசாங்க மருத்துவமனைகளுக்கும் பரவிற்று. 15999 என்ற எண்ணை எந்நேரமும் அழைத்து இத்தகைய துன்பத்தைக் கூறலாம். ஆக, மூன்றாவது வழி திறந்து முப்பது வருஷங்களாகின்றன. அதனை அறியாமல் இரண்டே வழிகளை எழுதிக்கொண்டிருப்பவர் உருக்கமாக எழுதுகிறார் என்பதைவிட, காலந்தவறி எழுதுகிறார் என்பதே பொருத்தம். அந்தப் பெண் அவ்வழியிலே போய் ஏமாற்றமடைந்தாள் என்றாவது எழுதட்டும். அவசரப் பிரிவில் தமிழ் தெரிந்தவர் இல்லை, புகாரை எழுதிக்கொள்கிறவர் "வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இரம்மா" என்றார் என்று எழுதட்டும். அதுவும் உண்மையின் பக்கத்தில் ஓர் அடி வைத்ததாகும்.

மனத்துயரைப் பற்றியும் ஒரு வார்த்தை. உயிரை மாய்த்துக்கொள்ள முயல்வது இந்நாட்டில் 2023 வரை தண்டனைக்குரிய குற்றமாயிருந்தது. தண்டச் சட்டத்தின் 309ஆம் பிரிவு அவ்வருஷத்தில்தான் நீக்கப்பட்டது. இலங்கை 1998இலேயே நீக்கிவிட்டது. தப்பிப் பிழைத்தவனைச் சிறைக்கு அனுப்பக்கூடிய சட்டம் இருந்தவரை, குடும்பங்கள் வைத்தியரிடமும் உறவினரிடமும் பொய் சொல்ல வேண்டியிருந்தது. வாயை மூடுவதே பாதுகாப்பு என்றிருந்த இடத்தில் இலக்கியமும் வாயை மூடிக்கொண்டதில் அதிசயமில்லை. இனி அந்தச் சாக்கு இல்லை. லண்டனில் 1953இல் தோன்றிய ஒரு முயற்சியைப் பின்பற்றி, கோலாலம்பூரில் 1970இல் பிஃப்ரெண்டர்ஸ் ஏற்பட்டது. கொழும்பில் 1974இல் சுமித்ரயோவும், சென்னையில் 1986இல் ஸ்நேகாவும் அவ்வழியிலேயே தோன்றின. இவற்றின் முறை மிக எளியது. தொண்டர் ஒருவர் குறுக்கே பேசாமல், தீர்ப்புக் கூறாமல், உபதேசம் செய்யாமல் கேட்டுக்கொண்டிருப்பார். நமது கதைகளில் வரும் பெரியவர்களை எண்ணிப் பாருங்கள். துயரத்தோடு ஒருவன் வந்து வாயைத் திறந்ததும், இரண்டு பக்கத்துக்கு அறிவுரை வழங்காத பெரியவர் ஒருவரையாவது நீங்கள் கண்டதுண்டா? கேட்கத் தெரிந்த ஒரு பாத்திரத்தைப் படைப்பது, பேசத் தெரிந்த பத்துப் பாத்திரங்களைப் படைப்பதினும் கடினம். நமது எழுத்தாளர்களின் திறமைக்கு அது தக்க சோதனை.

சமூகத்தை நோக்கியும் நாம் ஒன்று கூற வேண்டும். பழியெல்லாம் எழுத்தாளர் தலையிலேயே போடுவது முறையன்று. தோட்டங்களில் மரண சகாய நிதி என்ற ஒரு வழக்கம் உண்டு. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஒவ்வொரு வீடும் இத்தனை வெள்ளி என்று சேர்த்துப் பாடைக்கும் கருமாதிக்கும் கொடுத்துவிடும். எவரும் சொல்லிக் கொடுக்காமல், எந்தச் சட்டமும் இல்லாமல், கூலிக்காரர்கள் தாமே கண்ட ஏற்பாடு. கணக்கும் ஒழுங்காகவே இருக்கும். ஆனால் சாவுக்கு நிதி வைத்த நாம் நோவுக்கு நிதி வைக்கவில்லை. பிணம் விழுந்தபின் ஒரு மணி நேரத்தில் பணம் சேர்கிறது. விழாதபடி தடுக்க ஒரு மாதத்திலும் சேர்வதில்லை. நமது இலக்கியமும் அந்நிதியைப் போலவே நடக்கிறது: சாவு வந்தால்தான் பேனாவை எடுக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று கற்றுக்கொண்டதோ, இரண்டும் ஒரே மனத்திலிருந்து பிறந்தனவோ, நாம் அறியோம். ஒன்று மாறினால் மற்றதும் மாறும் என்பதில் மட்டும் நமக்கு நம்பிக்கை உண்டு.

மாறவேண்டிய அவசியம் இப்போது முன்னைவிட அதிகம். லயங்கள் காலியாகின்றன. செர்டாங், காராங்கான், மாஹாங், குலிம் வட்டாரத்துத் தோட்டங்களில் நம்மவர் எண்ணிக்கை குறைந்து, பலர் பட்டணத்து அடுக்குமாடி வீடுகளுக்குக் குடியேறிவிட்டனர். அங்கே பெரட்டு இல்லை. ஆறு நாளாக ஒருவன் வெளியே வரவில்லை என்பதைக் குறிக்கச் செக்ரோலும் இல்லை. மூன்று பிள்ளைகளை அழைத்துச் சோறு போட அடுத்த கதவுக் கிழவியும் இல்லை. இருந்தாலும் கதவு சாத்தியிருக்கிறது. தோட்டத்தில் கேளாமலே கிடைத்தவற்றைப் பட்டணத்தில் தெரிந்தே ஏற்படுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் நம்மிடம் என்ன இருந்தது, அது எவ்வாறு நடந்தது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். எழுத்தில் இல்லாத ஏற்பாடு அதைச் செய்த கிழவியோடு போய்விடும்.

ஆகவே எழுத்தாளர்களுக்கு நமது வேண்டுகோள் இது. பிணத்தை எழுதியாயிற்று, இனி முந்திய பத்து நாட்களை எழுதுங்கள். கிராணியை எழுதுங்கள், இழுப்பறையை எழுதுங்கள், அவனைக் கொடியவனாக்காமல் எழுதுங்கள், அப்போதுதான் அவனுக்குச் சுடும். கழுவிக் கவிழ்த்த மூன்று தட்டுகளையும் எழுதுங்கள். கதை எழுத வாராதவர்கள், தங்கள் தோட்டத்திலோ குடியிருப்பிலோ மரண சகாய நிதி, கூட்டு, சங்கம் என்று எது நடந்ததோ, யார் சேர்த்தார், எவ்வளவு சேர்ந்தது, எதனால் நின்றது என்பதை உள்ளபடி நான்கு பக்கம் எழுதி இப்பத்திரிகைக்கு அனுப்பலாம். நடை முக்கியமன்று.

நாம் நமது பங்குக்கு ஒன்று செய்திருக்கிறோம். அது பெரிதன்று. செக்ரோலில் ஒருவர் பெயருக்கு நேரே மூன்று நாள் சேர்ந்தாற்போல் வெற்றிடம் விழுந்தால், அன்று மாலை கணக்கை மூடுவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஒரு நடை போய் வருகிறோம். முதல் முறை போனபோது அந்த மூதாட்டி வாசலில் உட்கார்ந்திருந்தார். நம்மைக் கண்டு, "என்னய்யா, வழி தெரியாம வந்துட்டீங்களா?" என்றார். அக்கேள்விக்கு நாம் இன்னும் பதில் சொல்லவில்லை.